அரிசிக்கு முன் வேலையா?

கொட்டச்சேடு

அன்புள்ள தம்பிக்கு,

ரேஷன் அரிசியைச் சும்மா கொடுக்காமல், ஆளுக்குக் கொஞ்சம் வேலை வாங்கிக்கொண்டோ, இளைஞர்களை ஒரு வருஷம் நாட்டுப் பணிக்கு அனுப்பியோ கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தாய். உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் நம் சேலம் ஜில்லா இதை ஒருமுறை அனுபவித்துப் பார்த்துவிட்டது. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில், உடம்பில் தெம்பு இருப்பதாக அதிகாரி நினைத்தவர்கள் மண் சுமந்தும் கல் உடைத்தும்தான் நிவாரணம் பெற முடிந்தது. 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கூலியையும் குறைத்தார்: ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. நாளெல்லாம் மண் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய பத்தொன்பதரை லட்சம் பேர். 1881-இல் சுமார் 16 லட்சம். அத்தனையும் அந்தக் கூலியால் என்று சொல்லமாட்டேன். காலரா, காய்ச்சல், ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் பசித்தவனிடம் முதலில் வேலையைக் கேட்டால், யாருக்குச் சோறு மிக அவசரமோ அவன்தான் முதலில் வரிசையிலிருந்து விழுவான்.

உழைத்துப் பெறவேண்டிய பணமும் உண்டு, மறுக்கவில்லை. எஸ்டேட் தொழிலாளியின் வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் அவர் பார்த்த வேலைக்குப் பிந்தி வரும் கூலி. அரிசி அப்படியல்ல. அது ஆளை நாளைக்கு வேலைக்குப் போக முடிகிற நிலையில் வைத்திருப்பது.

இன்னொன்று, வேலை என்று எதைக் கணக்கில் எடுப்பது? இந்த மலைச்சரிவில் காபிப் பழம் பறிக்கும் பெண்ணைப் பார். இடுப்பில் கூடை, ஈரத்தில் அட்டைக் கடி. காயை விட்டுச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாய்க் கிள்ள வேண்டும். அந்தக் கூலி கணக்கில் ஏறும். விடியுமுன் அவள் பிடித்த தண்ணீரும் பொறுக்கிய விறகும் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கரைத்த கஞ்சியும் எந்தக் கணக்கிலும் ஏறாது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்க்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'உதவி' என்று சொல்லாமல் விட்டார்கள்.

சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பார்கள். தமிழகத்தில் 2011 முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. அதே காலத்தில் 2005 ஊரக வேலை உறுதிச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலைக்குக் கடப்பாறையும் கூடையுமாக வந்து நின்றவர்களில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். வீட்டில் அரிசி இருந்தும் வந்தார்கள். அந்தச் சட்டம் செய்த நல்ல காரியம், கேட்டால் பதினைந்து நாளுக்குள் வேலை தரவேண்டிய கடமையை அரசின் தலையில் வைத்தது. தராவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டியிருந்தது. நீ சொல்வதோ அந்தக் கடமையைப் பசித்தவன் தலைக்கு மாற்றுவது. 'என் வரிப்பணம்' என்ற பேச்சும் வரும். சோப்பும் செருப்பும் வாங்குகிற எல்லோரும் வரி கட்டித்தான் வாங்குகிறார்கள், தம்பி.

நாட்டுப் பணியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) இருக்கிறது, பிள்ளைகள் விரும்பித்தான் சேர்கிறார்கள். ஒரு வருஷ முழுநேரப் பணி என்றால் கூலி கொடுத்துக் கூப்பிடட்டும். அரிசியை அதற்குப் பணயம் வைத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் யோசி. ரேஷன் அட்டை குடும்பத்துக்கு ஒன்றுதான். பேரன் போக மறுத்தால் நிற்கப்போவது பாட்டியின் அரிசியும்தான்.

அன்புடன்,
அண்ணன்