மிகுதிச் சரக்கு வாணிபம்

உறையின் படம் மாறினாலும், பண்டிகை கடந்தாலும் ஆலைகளில் நல்ல உணவுப் பொருள்கள் தேங்கிவிடுவதுண்டு. அவற்றை மலிவாய் வாங்கி மலிவு விலைக் கடைகளுக்கு விற்பது ஒரு தனி வாணிபமாகும். 1946-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜிம் ரீட் என்பவர் இராணுவத்தின் மிகுதிச் சரக்கை வாங்கி விற்கத் தொடங்கினார். அதுவே 'குரோசரி அவுட்லெட்' என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இவ்வாணிபத்தில் முதற்கணக்கு விலையன்று, நாள். காலாவதியாக 60 நாளேயுள்ள 1,000 டின்களை, டின் 50 காசு வீதம் ஒருவர் வாங்கி, 70 காசுக்கு விற்கிறார் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 10 டின்களே விற்றால், கெடு முடியும்போது 400 டின்கள் நின்றுவிடும். போட்ட முதல் 500 வெள்ளி; வந்தது 420 வெள்ளி. டின்னுக்கு 20 காசு இலாபமென்று மகிழ்ந்தவருக்கு 80 வெள்ளி நட்டம்!

எஞ்சியதை விற்கவும் இயலாது. சிங்கப்பூரில் காலாவதியான உணவை விற்பது குற்றம். உப்பிய டின்னும், விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின்னும் நஞ்சாகக்கூடும். எவ்வளவு மலிவாயினும் அவற்றைத் தொடலாகாது.

ஆகவே வாங்குமுன் பெட்டியைத் திறந்து தேதியைத் தாமே பார்த்தல் வேண்டும். விற்கும்போது அத்தேதியைப் பட்டியலில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மறைத்து விற்பவரிடம் கடைக்காரர் இரண்டாம் முறை வரமாட்டார்.