வறுபடும் காபிக் கொட்டையின் உஷ்ணத்தை அறியும் முறை

சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் சிறு தோட்டம் வைத்திருக்கும் குடியானவர்கள், தாம் உலர்த்திய கொட்டையின் தரத்தை விற்பதற்கு முன்னமே அறிந்துகொள்வது நலம். உலர்த்துவதில் நேர்ந்த பிழை கண்ணுக்குத் தப்பினும் நாவிற்குத் தப்பாது. இதற்கு நூறு கிராம் கொட்டையை வறுத்துப் பார்த்தல் போதும். மக்காச்சோளம் பொரிப்பதற்கென விற்கப்படும் சிறிய மின்சார யந்திரம் இவ்வேலைக்கு ஏற்றது. அதன் சூடான காற்று கொட்டையைச் சுழற்றிக்கொண்டே வறுக்கும். காற்று, பாத்திரத்தின் பக்கத் துவாரங்கள் வழியாக வரும் யந்திரத்தையே வாங்குதல் வேண்டும். அடியில் வலையுள்ளதில் கொட்டையின் சவ்வுத்தோல் விழுந்து தீப்பற்றக்கூடும்.

இரும்புச் சட்டியில் வறுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு மூக்கும் காதுமே போதுமான கருவிகள். இந்த யந்திரத்திலோ விசிறியின் இரைச்சலில் கொட்டை வெடிக்கும் ஓசை சரியாய்க் கேளாது. நிறமும் அரை நிமிஷத்தில் மாறிவிடும். ஆகவே உஷ்ணமானி அவசியமாகிறது. இருவகை உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்துச் செய்த தெர்மோகப்பிள் என்பதே தக்கது. மெல்லியதாயின் மாறுதலை விரைவில் காட்டும்.

அதன் நுனி எங்கே இருக்கிறது என்பதே முக்கியமான விஷயம். ஒரு சமயம் நான் ஒரு குடியானவருடைய கொட்டையை வறுத்தபோது, நுனி காற்றுத் துவாரத்தின் அருகே ஒதுங்கிவிட்டது. அது காற்றின் சூட்டைக் காட்ட, நான் கொட்டையின் சூடென்று எண்ணி இறக்கிவிட்டேன். காபியில் பச்சைப்புல் வாடை வீசிற்று. "நீர் சரியாக உலர்த்தவில்லை" என்று அவரைக் கடிந்துகொண்டேன். மறுநாள் நுனியைக் கொட்டையின் நடுவே, பாத்திரத்தின் சுவரில் படாமல் நிறுத்தி வறுத்தபின் அவ்வாடை இல்லை. குற்றம் என்னுடையதே என்று அவரிடம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கருவியைக் கொதிநீரில் இட்டுச் சோதிக்கலாம். சமவெளியில் 100 சென்டிகிரேடு டிகிரி காட்டும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே நீர் கொதிக்குமாதலால், கருவி பழுதென்று எண்ணிவிடலாகாது.

150 முதல் 160 டிகிரிக்குள் கொட்டை மஞ்சளாகும். 195 முதல் 205 டிகிரிக்குள் முதல் வெடிப்பு நிகழும். முதன்முறை வறுக்கும்போது காதை அருகே வைத்துக் கேட்டு, அப்போது கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. பிறகு அதுவே உங்கள் யந்திரத்துக்குரிய அளவு. ருசி பார்ப்பதற்கு அதற்கு மேல் பத்து டிகிரி போதும். வீட்டு உபயோகத்திற்கு இன்னும் சற்றுக் கருக்க வறுக்கலாமாயினும், சுமார் 225 டிகிரியில் இரண்டாம் வெடிப்புத் தொடங்கிவிட்டால் எல்லாக் காபியும் ஒன்றுபோல் கசக்கும்.

நிமிஷத்திற்கு ஒருமுறை உஷ்ணத்தை எழுதி வருதல் நன்று. மூன்றே நிமிஷத்தில் முதல் வெடிப்பு வந்தால் வெளியே கருகி உள்ளே வேகாதிருக்கும். அப்பொழுது கொட்டையைச் சற்றுக் குறைத்திடுக; காற்றுத் தாராளமாய் வெளியேறுவதால் சூடு மெதுவாக ஏறும். ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரை ஆவது உத்தமம்.

இறக்கிய கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வறுபடும். உடனே முறத்தில் பரப்பி விசிறி, மூன்று நான்கு நிமிஷங்களில் ஆற்றிவிடவேண்டும். ஒருநாள் வைத்திருந்து, மறுநாள் அரைத்துச் சர்க்கரையும் பாலும் சேர்க்காமல் குடித்துப் பார்க்கவும்.