தரைப்பலகைக்கு அடியில்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளவை. நமது ரப்பர் தோட்டங்களைப் போல அங்கு ஈரம் விரைவில் உலர்வதில்லை. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் நிலைத்தால் பூஞ்சை பற்றும்; பலகை வீட்டுத் தரையைத் தாங்கும் உத்திரம் இற்றுப்போகும்.

நடக்கையில் தரை நெகிழ்ந்தால், கீழிருந்து உத்திரத்தில் கூரிய ஆணியைக் குத்திப் பார்ப்போம். எளிதில் இறங்கினால் அது இற்றதே. அதன்மீது புதுப்பலகை அடித்து மறைப்பது குழந்தைகளுக்கு ஆபத்து. தரைக்கு முட்டுக் கொடுத்த பின்னரே அதனை அகற்றவேண்டும். இப்பழுதைச் செப்பனிடுவது 1990ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி முதலாளியின் கடமையாகும். நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவிப்போம்.

செங்கால் மரமே போட்டாலும் ஈரம் வரும் வழியை அடைக்கவேண்டும். வீட்டடியில் விறகடுக்கிக் காற்றைத் தடுப்பவர் நம்மிலும் உண்டு. அவ்விறகை இன்றே வெளியேற்றுவோம்.