அரிவாள் செல் எந்த இனத்தின் நோய்?

நம்பிக்கை: அரிவாள் செல் சோகை கறுப்பின மக்களின் நோய். நம் நாட்டில் அது பழங்குடியினரின் ரத்தத்தில் ஊறிய குறை.

1910-ல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த நோயை முதன்முதலாக விவரித்தார். அவரிடம் வந்தவர் கிரெனடா தீவைச் சேர்ந்த ஒரு கறுப்பின மாணவர். அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்க மருத்துவர்கள் நோயையும் தோல் நிறத்தையும் ஒன்றாகவே பார்த்தார்கள். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் நோயை உண்டாக்கும் அதே மரபணு மாற்றம் இருப்பதை வெளியிட்டார்கள். கிரீஸில், சிசிலியில், சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் அது இருக்கிறது. இவர்கள் அனைவரையும் எந்த இனப் பட்டியலிலும் ஒன்றாகச் சேர்க்க முடியாது.

சேர்ப்பது மலேரியா. கென்யாவில் வளர்ந்த அந்தோனி அலிசன் 1949-ல் அங்கே ஊர் ஊராக ரத்தம் சோதித்தார். கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் நூற்றில் இருபது பேருக்கு மேல் இந்த மரபணு இருந்தது. கொசு குறைந்த மேட்டுநிலங்களில் ஒருவருக்குக்கூட இல்லை எனும் அளவு. நாடும் ஒன்று, நிறமும் ஒன்று. 1954-ல் அவர் காரணத்தை நிறுவினார்: இம்மரபணுவைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒன்று மட்டும் பெற்ற குழந்தை, கொடிய மலேரியாவிலிருந்து பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. நீலகிரியின் அடிவாரக் காடுகளும் வயநாடும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மலேரியாவுக்குப் பேர்போனவை. அந்தக் காட்டில் பிள்ளைகளை உயிரோடு வளர்த்தெடுத்த மரபணுவை அம்மக்களின் ‘குறை’ என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நம்பிக்கை: தீங்கான மரபணுவை இயற்கை தானே களைந்துவிடும்.

ரத்தச் சிவப்பணுக்களின் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தாயும் தந்தையும் தந்த இரண்டு மரபணுப் பிரதிகளும் அப்படி மாறியிருந்தால் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள் வலி தாங்க முடியாது. முன்பெல்லாம் இப்படிப் பிறந்த குழந்தைகளில் பலர் வளர்வதற்குள் இறந்தார்கள். ஆனாலும் மரபணு மறையவில்லை. ஒரு பிரதி கொண்ட பிள்ளைகள் மலேரியாவைத் தாண்டி வளர்ந்து, அதைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இயற்கைத் தேர்வு அந்தந்த இடத்தில் யார் பிழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இடம் பெயர்ந்தால் அந்தக் கணக்கும் மாறும். அடிமைக் கப்பல்கள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது மரபணுவும் கூடப் போனது. மலேரியா அடங்கிய மண், பிற மக்களோடு கலப்பு: இன்று அங்குள்ள கறுப்பின மக்களில் ஏறத்தாழ 13 பேரில் ஒருவரிடம்தான் அது உள்ளது. ஆப்பிரிக்காவின் மலேரியாப் பகுதிகள் பலவற்றில் இதைவிட மிகுதி.

நம்பிக்கை: சொந்தத்துக்குள்ளே மணம் முடித்ததால் வந்த நோய்.

சொந்தத்தில் மணப்பது இந்த மரபணுவை உண்டாக்காது. ஏற்கெனவே குடும்பத்தில் அது இருந்தால், இரண்டு பிரதிகள் ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பைக் கூட்டும்.

நம்பிக்கை: கேரியர் என்றால் நோயாளி.

ஒரு பிரதி மட்டும் உள்ளவரைத்தான் கேரியர் என்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் இன்று அதிகம் காயப்படுத்துவது. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கானோரின் ரத்தம் சோதிக்கப்படுகிறது. சோதனைச் சீட்டில் கேரியர் என்று வந்ததற்காக ஒரு பெண்ணைத் திருமணத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்குவது அறிவீனம், கொடுமையும்கூட. கேரியர் பொதுவாக நலமாகவே வாழ்வார். மணமக்கள் இருவருமே கேரியர் என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு நோய் இருந்தால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். பிறந்தவுடன் கண்டறிந்தால் பென்சிலினும் தடுப்பூசிகளும் குழந்தையை முதல் ஆண்டுகளின் தொற்றுகளிலிருந்து காக்கும். ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து வலி வரும் தடவைகளைக் குறைக்கும்.