குலுக்கு வினைகலனில் பாலூட்டிச் செல் வளர்ப்பு: முக்கியக் குறிப்புகள்

• பாலூட்டிச் செல்லுக்குச் செல்சுவர் கிடையாது, சவ்வு மட்டுமே. ஈ.கோலை நல்ல சூழலில் சுமார் 20 நிமிடத்தில் இரட்டிக்கும், சி.எச்.ஓ. செல்லுக்கு (சீன வெள்ளெலியின் கருப்பைச் செல்) ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். மெதுவாக வளர்வதால் ஆக்சிஜன் தேவையும் பாக்டீரியாவைவிட மிகக் குறைவு. குலுக்கியே வளர்த்துவிட முடிவது இதனால்தான்.

• குறைவு என்பதற்காக அலட்சியம் கூடாது. 37 டிகிரி செல்சியஸில், காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 7 மி.கி. ஆக்சிஜன்தான் கரையும். மில்லிலிட்டருக்கு 1 கோடி செல் இருந்தால் அந்த இருப்பு சில நிமிடங்களில் காலி. ஆக்சிஜன் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். எப்படி வருகிறது என்பதில்தான் தேர்வுக் கேள்விகள் பிறக்கின்றன.

• இறக்கை சுழன்று கலக்கும் கலக்கித் தொட்டியில் ஆக்சிஜன் காற்றுக் குமிழ் வழியாக வரும். குலுக்கு கலனில் குமிழே இல்லை. திரவத்தின் மேற்பரப்பு வழியாக மட்டுமே வரும். குமிழ் மேற்பரப்பில் வெடிக்கும்போதுதான் செல்கள் அதிகம் சிதைகின்றன. "கலக்கும் இறக்கைதான் செல்லைக் கொல்கிறது" என்ற விடைத்தெரிவைக் கண்டால் உடனே டிக் அடித்துவிடாதீர்கள். தொட்டி ஊடகத்தில் புளூரானிக் எஃப்-68 சேர்ப்பது குமிழ்ச் சேதத்தைக் குறைக்கத்தான்.

• கணக்குக் கேள்வி: கலனின் வடிவம் மாறாமல் கொள்ளளவை 20 மி.லி.யிலிருந்து 20 லிட்டராக்கினால், அதாவது 1,000 மடங்காக்கினால், நீளம் 10 மடங்கு, பரப்பு 100 மடங்கு. ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மேற்பரப்போ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அளவு பெருக்கத்தின் தலைவலி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. கரியமில வாயு வெளியேறுவதும் அதே மேற்பரப்பு வழிதான். அது தேங்கினால் ஊடகத்தின் பி.எச். இறங்கும்.

• குலுக்கும் வேகத்தை மட்டும் சொன்னால் விடை முழுமையாகாது. சுழல் விட்டமும், அதாவது கலன் சுற்றும் வட்டத்தின் விட்டமும் வேண்டும். நிமிடத்துக்கு 180 சுற்று, 50 மி.மீ. விட்டம் என்றால் முடுக்கம் சுமார் 8.9 மீ/வி², கிட்டத்தட்ட புவியீர்ப்புக்குச் சமம். அதே வேகத்தில் விட்டத்தை 25 மி.மீ. ஆக்கினால் பாதிதான். இந்த முடுக்கத்துக்கும் புவியீர்ப்புக்கும் உள்ள விகிதமே ஃப்ரூட் எண். அளவு பெருக்கத்தில் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று.

• அளவுகள்: 50 மி.லி. குழாய் (மூடியில் காற்று புகும் வடிகட்டி உண்டு, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், இ.பி.எஃப்.எல். நிறுவனத்தில் ஃப்ளோரியன் வுர்ம் குழு இதைக் கொண்டு நிறைய ஆய்வு செய்தது), எர்லன்மேயர் குடுவை, உருளைக் கலன், ஒருமுறை மட்டும் பயன்படும் பையுடன் கூடிய 200 லிட்டர் கருவி. 2,500 லிட்டர் கருவியும் வந்துவிட்டது. வட்டப் புட்டியைவிடச் சதுரப் புட்டி நல்ல பலன் தந்ததையும் வுர்ம் குழு காட்டியது.

• குடுவையைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. கொள்ளளவில் 20 முதல் 40 சதவீதம் வழக்கம். சிறு கலன்கள் 5 சதவீதக் கரியமில வாயு உள்ள அடைகாப்புக் குலுக்கியில் இருக்கும். இது பைகார்பனேட் தாங்கலுக்காக.

• கட்டம் தவறுதல்: ஜெர்மனியின் ஆகன் நகரில் யோகென் பியூக்ஸ் விளக்கியது. சுழல் விட்டம் சிறிதாக இருந்தாலோ, திரவம் பிசுபிசுப்பாக இருந்தாலோ, திரவத்தின் பெரும்பகுதி கலனின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றாமல் அடியில் தங்கிவிடும். குலுக்கி ஓடிக்கொண்டிருக்கும், ஆக்சிஜன் போகாது.

• ஆண்டுகள்: சி.எச்.ஓ. செல் 1957, உருவாக்கியவர் தியோடர் பக். ஹெக் 293 செல் (மனிதக் கருவின் சிறுநீரகச் செல்) 1973, நெதர்லாந்தின் லைடன் நகர். 293 என்பது சோதனையின் வரிசை எண். பாலூட்டிச் செல்லில் தயாரித்த முதல் மறுசேர்க்கைப் புரத மருந்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ.; அமெரிக்க ஒப்புதல் 1987.

• அலையாட்டப் பையைக் குலுக்கு கலனுடன் குழப்பாதீர்கள். அது தொட்டில்போல் முன்னும் பின்னும் சாயும். குலுக்கு கலன் வட்டமாகச் சுழலும். 10,000 லிட்டருக்கு மேற்பட்ட உற்பத்தி என்று கேள்வியில் இருந்தால் விடை கலக்கித் தொட்டிதான்.