பிடித்த பாட்டு பத்து: எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கம் பாட்டு இல்லாத வீடில்லை. பத்தாகச் சுருக்கத்தான் திண்டாட்டம். வழி இதோ:

1. போனைப் பார்க்காமல் எழுதுங்கள். தானாக நினைவுக்கு வருவதே மனதில் நின்ற பாட்டு.

2. இலங்கை வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டுக்கு 5 இடம் மட்டும் கொடுங்கள். விட்டால் முழுப் பட்டியலையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

3. தாலாட்டு, காமன் கூத்து, கொழுந்துமலைப் பாட்டுக்கு 3 இடம் வையுங்கள். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த நம் சொத்து அது.

4. மீதி 2 இடம் ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டுக்கு. அவை இந்நாட்டிலேயே பிறந்தவை.

5. அம்மாயியைப் பாடச் சொல்லிப் போனில் பதியுங்கள். பல தோட்டப் பாட்டுகள் இசைத்தட்டில் ஏறவே இல்லை.

6. ஒரு வாரம் கழித்துத் திருத்துங்கள். புதுப்பாட்டு மோகம் அதற்குள் தணிந்துவிடும்.