பள்ளிக்கூடத் திடலும் பாடமும்



ஜுருவில் கடை வைத்துப் பிழைக்கும் நான் ஆசிரியனல்லன். மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் என் படிப்பு முடிந்தது. ஆயினும் பள்ளிக்கூடத்து நிலத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. முன்புறத் திடலில் பாதிக்குச் சிமெண்டு போட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கலாமா என்று கேட்டார்கள். சரியென்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். சேறு இராது, சட்டை அழுக்காகாது, பிள்ளைகளை ஏற்றி இறக்க வசதி என்று எண்ணினேன். அங்கு நின்ற இரண்டு மரங்களும் போயின. இப்போது ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதேயில்லை, தரை சுடுகிறது. மழை பெய்தால் நீரை உறிஞ்ச மண் இல்லாமல் சிற்றுண்டிச்சாலை வாசல் வரை தண்ணீர் தேங்குகிறது. இவ்வளவையும் செய்துவிட்டு, பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியோடு கிடக்கிறார்கள் என்று நாமே குறைப்பட்டுக் கொள்கிறோம்!

2023 ஆம் ஆண்டு மே மாதத்தில், வெயிலின் கடுமையால், பள்ளிக்கூடங்களில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தும்படி கல்வி அமைச்சு உத்தரவிட்டது நினைவிருக்கும். அப்போதுதான் அந்த இரண்டு மரங்களின் விலை எனக்குத் தெரிந்தது.

நிற்க. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் நாற்பது அடி நீளம், இருபது அடி அகலத்தில் ஒரு துண்டு மண் இன்னும் மிச்சமிருக்கிறது. அதையும் மூடிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் 1837 ஆம் ஆண்டு சிறு பிள்ளைகளுக்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கிய புரோபெல் என்பவர், 1840 இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். பிள்ளைகளின் தோட்டம் என்பது பொருள். பெயர் வெறும் அலங்காரமன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி, எல்லாருக்குமாகப் பொதுப் பாத்தி என்று அவர் ஏற்பாடு செய்திருந்தார். நம் நாட்டில் தாடிகா என்கிறோமே, அதிலுள்ள ‘தா’வும் தாமான் என்ற சொல்லின் முதலெழுத்துத்தான். தோட்டம் பெயரில் இருக்கிறது, வாசலில் இல்லை. வங்காளத்தில் தாகூர் 1901 இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் மர நிழலே வகுப்பறையாக இருந்தது.

அப்படியானால் அந்தத் துண்டு மண்ணில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு கம்பு நட வேண்டும். சிரிக்க வேண்டாம். நான் மதரஸாவில் ஓதிய நாளில் எங்கள் ஹஜ்ரத் முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்வார்கள். நிழல் குறுகிக் குறுகி, பின் வளரத் தொடங்கினால் லுஹர் நேரம் வந்துவிட்டது. நண்பகல் நிழலைக் கழித்து, கம்பின் அளவுக்கு நிழல் வளர்ந்தால் ஷாபிஈ மத்ஹபில் அஸர். இரு மடங்கானால் ஹனபி மத்ஹபில் அஸர். மனனம் செய்த எத்தனையோ பாடங்கள் மறந்துவிட்டன. அந்தக் கல் வைத்த பாடம் மறக்கவில்லை.

அதே கம்பு கணக்கும் பூகோளமும் சொல்லித் தரும். ஒரு மீட்டர் கம்பின் நிழலை அளந்தால், அதே நேரத்து மரத்தின் நிழலைக் கொண்டு, ஏறாமலே மரத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். நம் பினாங்குப் பகுதியில் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் 9 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் ஒன்றேகால் மணியை ஒட்டிக் கம்புக்கு நிழலே இராது. மே 28 மாலை 5:16 மணிக்கும், ஜூலை 16 மாலை 5:28 மணிக்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும். அப்போது நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த் திசையே கிப்லா. நம் பிள்ளைகள் மட்டுமல்ல, உடன் படிக்கும் மற்றச் சமயத்துப் பிள்ளைகளும் இதிலே பூமி உருண்டை என்பதைக் கண்ணால் பார்க்கலாம். செலவு ஒரு கம்பு.

அடுத்தது விளையாட்டு. வர்ணம் பூசிய சறுக்குமரம் வாங்க நன்கொடை திரட்டலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்பது என் கருத்து. என் கடை வாசலில் அடுக்கிய காலி அட்டைப்பெட்டிகளைக் கண்டால் பிள்ளைகளுக்கு வரும் ஆசை, உள்ளே தொங்கும் பொம்மைகளைக் கண்டு வருவதில்லை! இதைக் கண்டுகொண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் என்னும் தோட்ட வடிவமைப்பாளர். தாம் அழகாக அமைத்துக் கொடுத்த இடங்களைவிட, வீடு கட்டும் இடங்களில் கிடக்கும் பலகைகளோடு பிள்ளைகள் விரும்பி விளையாடுவதை அவர் கவனித்தார். அந்நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த 1943 ஆம் ஆண்டில், கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் பலகை, கல், பழைய சாமான்களைக் கொண்டு பிள்ளைகளே கட்டி விளையாடும் இடம் திறக்கப்பட்டது. பொறுப்பாகப் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். நாமும் ஆணியும் கண்ணாடியும் இல்லாமல் பொறுக்கி எடுத்த பலகைகளை ஒரு மூலையில் போட்டு வைக்கலாம்.

மூன்றாவது தோட்டம். நம் பக்கத்து மண் களிமண். மழையில் நீர் நிற்கும். ஆதலால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, காய்ந்த இலையும் மக்கிய குப்பையும் கலக்க வேண்டும். வெயில் படும் பக்கமே பாத்திக்கு ஏற்றது. கங்கோங்கும் கீரையும் நான்கு வாரத்தில் பறிக்கலாம். பிள்ளைகளின் பொறுமைக்கு அதுவே அளவு. வெண்டைக்கு இரண்டு மாதம் ஆகும். பெரிய வகுப்புக்கு அதைக் கொடுக்கலாம். ஓரத்தில் ஒரு வேம்போ புங்கமோ நிழலுக்குப் போதும். தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலை மடக்கும் அதிசயத்தைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் இருபது அடி அதற்குக் காணாது. தென்னை வேண்டவே வேண்டாம், தலையில் விழும். மழைநீர்த் தொட்டிக்குக் கொசு நுழையாத மூடி அவசியம். டெங்கியை நாம் வரவேற்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத் தோட்டம் பெரும்பாலும் சாவது விடுமுறையில். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆகவே அக்கம்பக்கத்து வீட்டார் முறை வைத்து ஊற்ற வேண்டும், ஊற்றுகிறவர் பறித்துக்கொள்ள வேண்டும். தோட்டம் ஊருக்கும் சொந்தமாவது இப்படித்தான்.

இவை புதுமையல்ல. 1969 இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத காய்கறித் தோட்டம் போடப் பள்ளிக்கூடங்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. அதை 1970 முதல் 2019 இல் மறையும் வரை தலைமையேற்று நடத்திய எஸ்.எம். முகம்மது இத்ரீஸ், நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களில் ஒருவர். 1970களில் பிறைத் தொழிற்பேட்டைக் கழிவு நம் ஜுரு ஆற்றில் கலந்து, கோலா ஜுரு மீனவர்களின் பிழைப்பு கெட்டபோது அவர்களுக்குத் துணை நின்றதும் அச்சங்கமே. ஆறு நம் ஊர்ப் பெயரைத் தாங்கி ஓடுகிறது. மண்ணில் ஊற்றியது எங்கே போகிறது என்பதைப் பாத்தியிலே பார்க்கும் பிள்ளைக்கு, அந்த ஆற்றின் கதை விளங்கும்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். கம்பும் கயிறும் நான் கொண்டு வருகிறேன். காலி அட்டைப்பெட்டிகளும் என் பொறுப்பு. யாரிடமாவது நீளமான அளவு நாடா இருந்தால் கொண்டு வரவும்; என்னுடையது பத்தடியோடு அறுந்துவிட்டது.